பேட்டரி இல்லாத வீடு

போன வாரம் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே புது பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் கலந்த ஒரு வாசனை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற விற்பனையாளர் சிரித்த முகத்தோடு, "சார், டெஸ்க்டாப் பாக்கீயளா, லேப்டாப் பாக்கீயளா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் கடையில் வேறு என்ன கேட்பார்கள்? ஆனாலும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. "நீயே பாத்து எடும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டேன். அவள் லேப்டாப்பை எடுத்தாள். நான் விலைகூடப் பேசவில்லை. கொசுறு கறிவேப்பிலைக்கே மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்த வாசனைக்கு அடியில் எனக்கு எப்போதும் இன்னொரு வாசனை வரும், பஞ்சு வாசனை. பஞ்சுக்கு ஏது வாசனை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிட்டங்கி நிறையக் கழிவுப்பஞ்சை அடைத்துவைத்து, சித்திரை மாதத்தில் அதன் கதவைத் திறந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து மூக்கில் அப்பிக்கொள்ளும். அப்பாவுக்கு அதுதான் தொழில். நூற்பாலைகளில் இயந்திரத்துக்கு அடியில் விழுகிற பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து, மெத்தை தைக்கிறவர்களுக்கு விற்பார். வீட்டின் முன்பாதியில் நாங்கள் இருந்தோம், பின்பாதியில் பஞ்சு இருந்தது. நடுவே ஒரு சுவர்தான். ரசத்தில் பஞ்சு மிதக்கும், தலையணை உறைக்கு வெளியேயும் பஞ்சு இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே பஞ்சுமிட்டாய். அந்தப் பட்டம் கல்லூரி வரைக்கும் பின்னாலேயே வந்தது.

அப்பா இளவட்டமாக இருந்தபோது ஒரு கிட்டங்கி எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வைத்த சட்டத்தில்தான் எங்கள் வீடே நடந்தது. வாசல் சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. யார் வந்தாலும் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். செல்போன் வந்ததும் அதுவும் மாடக்குழிக்குப் போனது. டார்ச் லைட்டுக்கும் அனுமதி கிடையாது. "பேட்டரின்னா உள்ள தீ உறங்குதுன்னு அர்த்தம்" என்பார். கரண்ட் போனால் மெழுகுவர்த்தியும் இல்லாமல் இருட்டில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். "கோயிலுக்குப் போறதும் ஒங்க வீட்டுக்கு வாரதும் ஒண்ணுதான். எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு வரணும்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்பா சிரிக்க மாட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் மோப்பம் பிடிக்கிற பழக்கம் இருந்தது. சாப்பிடும்போது அப்பா கையை நிறுத்தினால் நாங்களும் நிறுத்துவோம். எதுவும் கருகவில்லை என்று அவருக்கு நிச்சயமானதும் சோற்றைப் பிசைவார், நாங்களும் பிசைவோம். எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சப்போய், அவர் வைத்த சாம்பாரைத்தான் குறை சொல்கிறேன் என்று பெரிய மனவருத்தமாகிவிட்டது.

அந்த வீட்டில் மூக்கை உறிஞ்சாத ஒரே ஆள் வடிவக்கா, என் உடன்பிறந்த அக்கா. தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைக்காரர்களுக்குக் கணக்கு ஏற்றிக் கொடுக்கிற வேலை. உழைப்பு இவளுடையது, பெயர் சென்டருக்கு. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அறை பிடித்துத் தன் பெயரில் போர்டு மாட்டலாம் என்பது அவள் கணக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறையைப் பார்த்தே வைத்திருந்தாள். அதன் ஜன்னலில் நின்றால் கோபுரம் தெரியுமாம்.

"அப்பா, லேப்டாப்புன்னா கடைக்குக் கடை கொண்டுபோயி வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வந்திரலாம்."

"அதுல பேட்டரி கெடக்குல்லா?"

"செல்லுலயுந்தான் கெடக்கு. அது வெடிச்சா போச்சு?"

"அது வாசல்லதான கெடக்கு. வெடிச்சா அங்கனயே வெடிக்கட்டும்."

கடைசியில் எதை வாங்குவதென்று நானே கடைக்கு வந்து சொல்லட்டும் என்று முடிவானது. நான் அப்போது ஒரு மில் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சீட்டு விளையாட்டு மட்டும்தான். ஆனாலும் ஏசி அறையில் உட்காருகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்பா நம்பினார். அக்கா எனக்கு வைத்த பெயர் ஆபீசர்.

மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவுக்குத் தெரிந்த கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்பா லேப்டாப்புக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல.

"ஏன் சுடுது?"

"ஓடுனா சுடத்தான செய்யும், அண்ணாச்சி."

அப்பா கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அத்தோடு லேப்டாப் கதை முடிந்தது. டெஸ்க்டாப் மேல் கை வைத்தார், அது குளிர்ச்சியாக இருந்தது. என்னைப் பார்த்தார். "இது நல்லாருக்கும்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? கடைக்காரர் கூடவே ஒரு கறுப்புப் பெட்டியையும் எடுத்துவைத்தார். யுபிஎஸ். கரண்ட் போனாலும் செத்த நேரம் தாங்கும் என்றார். அப்பா அதைத் தட்டிப் பார்த்து எதையோ கேட்க வாயெடுத்தபோது, அக்கா முந்திக்கொண்டு, "அது டிவிக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் மாதிரிதாம்ப்பா" என்றாள்.

திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. அக்கா என் காதருகே குனிந்தாள்.

"ஏலே ஆபீசரு, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? பேட்டரி. அப்பாகிட்ட மூச்சு விட்டேன்னு வையி, தொலைச்சுப்புடுவேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ராஜபாளையம் வரும்வரை தொடை சுடுவது போலவே இருந்தது. இன்னும் கரண்டில் மாட்டாத பெட்டி எப்படிச் சுடும்? இருந்தும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அப்பா மேசையை முன்னறையின் மூலையில் போட்டார். எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து ஒயர்களையெல்லாம் சுவரோடு சேர்த்து ஆணியடிக்கச் சொன்னார். லூஸ் கனெக்‌ஷனில்தான் பொறி பறக்கும் என்பது அவர் கண்ட அனுபவம். அதனால் ஒவ்வொரு பிளக்கையும் போர்டோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றச் சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் சொருகுகிற ஒயர்களுக்கும் அப்படியே. அவர் சுற்றி முடித்த பிறகு அப்பா தன் கையால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். "அண்ணாச்சி, இனி கோயில் யானை வந்து இழுத்தாலும் வராது" என்றார் எலக்ட்ரீசியன். அன்றைக்கு அப்பா சிரித்தார்.

அக்காவின் தொழில் சூடுபிடித்தது. செட்டியார்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, செல்லை மாடக்குழியில் வைத்துவிட்டு, பில்லை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கரண்ட் அடிக்கடி போகிற காலம் அது. போகும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டி கீச் கீச் என்று கத்தும். எங்கே இருந்தாலும் அப்பா தலையைத் தூக்குவார்.

"என்னட்டி சத்தம் அது?"

"கரண்டு போச்சுன்னு சொல்லுதுப்பா."

"அதத்தான் ஃபேனே சொல்லுதே."

அம்மா சிரிப்பாள். அக்கா என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைப்பாள்.

அது ஒரு கோடை மத்தியானம். நான் மில்லில் இருந்தேன். அப்பா லோடு விஷயமாக ஆலங்குளம் பக்கம் போயிருந்தார், அம்மா ஒரு விசேஷ வீட்டுக்கு. நடந்ததை எனக்குச் சொன்னவர் அடுத்த வீட்டு ரங்கம்மா அத்தை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெண்ணே என்கிற அர்த்தத்தில் அக்காவை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார். ஜன்னலில் புகையைப் பார்த்து வாசலுக்கு ஓடிவந்திருக்கிறார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே புகைக்கு நடுவே அக்கா மேசைக்குப் பின்னால் குனிந்து நின்றிருக்கிறாள்.

"அம்மாயி, போட்டுட்டு வாம்மா."

"இந்தா வாரேன் அத்தே. ஊரான் கணக்கு பூரா இதுலதான் கெடக்கு. ஒயரு வரமாட்டேங்கு."

அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பஞ்சு பிடித்துக்கொண்டது. பஞ்சில் பிடித்த தீ யாருக்காகவும் நிற்காது. ரங்கம்மா அத்தையால் படியைத் தாண்ட முடியவில்லை.

தீ எங்கே ஆரம்பித்தது என்று இன்றுவரை தெரியாது. வந்து பார்த்த அதிகாரிகள் மின்கசிவு என்றார்கள். அது அந்தப் பெட்டியா, சுவிட்ச் போர்டா, கிட்டங்கிக்குள் போன பழைய ஒயரா என்று சொல்வதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டு மாடியில் குடியிருந்தோம். சில மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"ஏலே, லேப்டாப்புன்னா கையில தூக்கிட்டு வந்திருப்பாள்லா?"

மாட்டிய பொத்தானைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன்.

"அதுக்கும் ஒயரு உண்டுப்பா. சார்ஜரு. அதையும் உருவத்தான் செய்யணும்."

"அப்படியா" என்றார். அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க யார் வந்தாலும், அவர்களாகக் கேட்காமலேயே, "லேப்டாப்புக்கும் ஒயரு உண்டாம்லா. எம் மவன் சொன்னான்" என்று சொல்ல ஆரம்பித்தார். சாகும்வரை சொன்னார். லேப்டாப்பின் ஒயரை ஒருமுறையாவது ஒரே இழுப்பில் உருவி எடுத்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அந்த மனிதர்களுக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிறார்கள். ஊருக்கு நடுவே இருந்த பஞ்சுக் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. ரங்கம்மா அத்தை மகன் வீட்டோடு போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். நான் சொன்னதை அப்பா உண்மையிலேயே நம்பினாரா, இல்லை எனக்காக நம்பியது போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது ஆள் இல்லை.