ஒரு சுற்று இளைத்த நாற்பது

எங்கள் ஊரில் கோட்டு போட்டுக்கொண்டு போகும் ஆண்களில் பாதிப் பேர் என் சித்தப்பாவின் உடம்பைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள். கல்லூரியில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

சித்தப்பா ஒரு சூட்டுக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் தையல் கூடம். விலை மலிவான சூட்டுகள் என்பதால் ஆளை அளந்து தைக்கும் வேலை அங்கே கிடையாது. சைஸ் வாரியாகத் தைத்து மாட்டி வைப்பார்கள். அதிகம் போவது நாற்பது. ஒவ்வொரு சீசனிலும் துணியை மொத்தமாக வெட்டுவதற்கு முன்னால் மாதிரிக்கு ஒன்று தைத்துச் சித்தப்பாவுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அச்சாக நாற்பது. அங்கே அவர் பெயரே ‘நாப்பது’தான்.

“பொம்மைக்குப் போட்டுப் பாத்தா ஆகாதா சித்தப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொம்மை பஸ்ஸுல கம்பியைப் புடிக்குமா? அக்குள்ல இறுக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுமா?” என்றார். அவருக்கு நிஜமாகவே கோபம்.

இந்த வருஷம் குடலில் ஒரு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒரு சுற்று இளைத்திருந்தார். தலைமுடியும் பாதி கொட்டிப்போயிருந்தது. வெயில் காலத்து சூட்டுக்கு மாதிரி தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. கடையின் தொப்பிப் பிரிவில் விற்பனையைக் கவனிக்கும் இளைஞன், உடம்பைப் பேணுவதையே தவமாகச் செய்கிறவன், கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் தோளை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பதாகச் சித்தப்பா வீட்டில் வந்து சொன்னார்.

வேலை போய்விடாது, இஸ்திரிப் பெட்டி இருக்கவே இருக்கிறது. ஆனால் இஸ்திரி போட யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், நாற்பது அவர் ஒருவர்தான். அவர் பயம் அதைப் பற்றியது. எனக்கு அது முதலில் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பட்டம் வாங்கியும், ‘இந்த இடத்துக்கு நீதான் வேண்டும்’ என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சித்தி வேளைக்கு வேளை ஊட்டாத குறையாகச் சாப்பாடு போட்டாள். தட்டில் போட்டதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. போட்டுப் பார்க்கும் நாளன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் ஏதோ குசுகுசுத்தார்கள். வெளியே வந்தபோது சித்தப்பா பழையபடி நாற்பதாக இருந்தார்.

“எப்படி?” என்றேன்.

“மேல ரெண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர். இடுப்புக்குத் துண்டு. நீ வாயத் தொறக்கப்படாது” என்றாள் சித்தி.

அன்று நானும் கூடத்துக்குப் போனேன். புது சீசனுக்கு நோட்டீஸ் எழுதித் தரும்படி முதலாளி என்னிடம் கேட்டிருந்தார். ‘குறைந்த விலையில் சூட்டு, கூடவே வெயில் தொப்பி, எல்லோருக்கும் பொருந்தும்’ என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

சித்தப்பா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். துணி வெட்டும் கட்டிங் அக்கா சுற்றி வந்து பார்த்தார். அவர் சித்தப்பாவை அண்ணே என்பார், சித்தப்பா அவரை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

“கையத் தூக்குங்க அண்ணே.”

தூக்கினார். நெற்றியில் வியர்வை கொட்டியது. முதலாளிக்குத் திருப்தி. “பிரமாதம். தொப்பியையும் வெச்சுப் பாத்துருவோம்” என்றார்.

தொப்பிக்காரன் நடு சைஸில் ஒன்றை எடுத்து வந்து வைத்தான். எப்போதும் அவருக்குக் கச்சிதமாக உட்காரும் அளவு. முடி கொட்டிய தலையில் அது நெற்றியைத் தாண்டி, புருவத்தை மூடி, காது மடலில் போய் நின்றது. அதற்குள்ளிருந்து சித்தப்பா எங்களைப் பார்க்க முயன்றார்.

கூடமே சிரித்தது. கட்டிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கோட்டின் கழுத்துக்குள் விரலை விட்டார். ஸ்வெட்டரின் ஓரம் வெளியே வந்தது.

“என்னண்ணே இது? வெயில் காலத்து கோட்டு. உள்ளே லைனிங் வேணாம்னு நானே எடுத்துட்டேன். நீங்க சேத்துட்டு வந்திருக்கீங்க!”

முதலாளியின் முகம் மாறியது. “நாப்பது, இத நம்பி மொத்தத் துணியையும் வெட்டியிருந்தா என்னய்யா ஆகியிருக்கும்?”

சித்தப்பா தொப்பியைக் கழற்றாமலே பேசினார். “இளைச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல முதலாளி.”

சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு அவர் கழற்றிய பனியன்களை வாங்கி மடித்து வைத்தான். பிறகு கோட்டை அவனுக்குப் போட்டார்கள். தோளில் நன்றாகத்தான் நின்றது. “நெஞ்ச இறக்குப்பா, நம்ம கோட்ட வாங்குறவன் மூச்சு விடணும்” என்று அக்கா அவன் முதுகில் தட்டினார். அவன் சாதாரணமாக நின்ற பிறகுதான் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். நாற்பது கைமாறிவிட்டது.

சித்தப்பா இஸ்திரி மேஜைக்கு நடந்தார்.

“எங்க போறீங்க? இனிமேதான் உங்க வேலை” என்றார் அக்கா. “முப்பத்தெட்டுக்கு நம்மகிட்ட ஆளே கிடையாது. நாப்பதக் குறைச்சுத்தான் இதுவரைக்கும் வெட்டுறேன். அப்பன் கோட்டைப் புள்ள போட்ட மாதிரி இருக்குன்னு திரும்பி வர்றதெல்லாம் அந்த சைஸ்தான்.”

“ஆறுதல் சொல்றீங்களா அக்கா?”

“அதுக்கு எங்க நேரம்? கையத் தூக்குங்க.”

நிஜமாகவே ஆள் தேவைப்பட்டதா, அல்லது இரக்கப்பட்டாரா? யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவது படிப்பு எனக்குத் தந்த வியாதி. கடையில் அந்த சைஸ் மாட்டிய கம்பி எப்போதும் விற்காமல் நெருக்கமாகவே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, “இடது அக்குள்ல புடிக்குது” என்றார். அக்கா குத்தியிருந்த ஊசியை எடுத்துத் தளர்த்தினார். “இப்ப?” “இப்பவும்தான்.” மறுபடி தளர்த்தினார். சித்தப்பாவின் குரல் மெல்ல மெல்லப் பழைய அதட்டலுக்குத் திரும்பியது.

நோட்டீஸில் ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒல்லியானவர்களுக்கும் உண்டு’ என்று எழுதினேன். முதலாளி மறுக்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “உடம்புக்கெல்லாம் போட்டோம், தலைக்குப் போட மறந்துட்டோமே!”

சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி வழக்கம்போல இரண்டாவது கரண்டியோடு வந்தாள். சித்தப்பா தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார்.

“போதும். சீசன் முடியற வரைக்கும் ஏறக் கூடாது.”

“டாக்டர் ஏத்தச் சொல்லியிருக்காரு.”

“அக்கா இன்னும் பேன்ட்டுக்கு அளவு பாக்கல.”

“கைய எடுங்க” என்றாள் சித்தி. “நாப்பதும் வேணாம், முப்பத்தெட்டும் வேணாம். எனக்கு ஆளு வேணும்.”

அவர் கையை எடுக்கவில்லை. விரல்களை மட்டும் கொஞ்சம் விலக்கினார். சித்திக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது.