மல்லிகாவுக்கு ஒரு ஸ்டார்

மரம் பார்க்கப் போனவனிடம் பிறந்த தேதி கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குச் சந்தேகம்தான் தோன்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாமே. கூட்டிப்போனவர் ரஹீம் பாய். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். எனக்குப் பழைய ரயில் சிநேகிதர். அவர் கம்பெனியின் தையல் பிரிவுப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு வேன் பேசியிருந்தார்கள். "ஒரு சீட்டு காலியா இருக்குது, வர்றியா தோஸ்த்?" என்றார் பாய். ஓசி சீட்டு என்றால் நான் கேள்வி கேட்பதில்லை.

கேட்டிலேயே தடங்கல். செல்போனில் பூங்காவின் ஆப்பைப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம்.

போட்டேன். பெயர் கேட்டது. கொடுத்தேன். பிறந்த தேதி கேட்டது. ஏதோ ஒரு தேதி கொடுத்தேன். அடுத்து, என் போனில் இருக்கிற எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்டது. வேங்கை மரத்துக்கு என் மச்சினன் நம்பர் எதற்கு?

டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். ஆப் நடத்துகிற கம்பெனியின் ஆள். அவரிடமே கேட்டேன்.

"விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸ் பெட்டரா இருக்கும் சார்" என்றார்.

"யாருக்கு?"

சிரித்தார். பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் பதில் சொல்லாதவர்களை நான் நம்புவதே இல்லை.

உள்ளே போனால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு சதுர ஸ்டிக்கர். போனைக் காட்டினால் மரத்தின் பெயர் வரும், பத்துப் புள்ளி வரும், ஒரு குருவிச் சத்தமும் வரும். அதே மரத்தின் மேலே நிஜக் குருவி ஒன்று உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஒருத்தரும் நிமிரவில்லை. போன் குருவிக்குத் தொண்டை பெரிது!

நல்லவேளை, எங்களோடு மல்லிகா வந்தார். பூங்காவின் வழிகாட்டி. மலைமேல் ஒரு கிராமத்துப் பெண். கையில் மைக் இல்லை, குச்சி இல்லை. "அக்கா, போனைக் கொஞ்சம் உள்ள வைங்க. இங்க வாங்க" என்று ஒரு மாமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

தாழ்ந்த கிளையில் பந்துபோல் ஓர் இலைக்கூடு. சிவப்பு எறும்புகள். ஒரு வரிசை எறும்பு இரண்டு இலைகளின் ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்னொரு எறும்பு, குட்டிப் புழு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போய்ப் போய் வருகிறது. புழுவிடமிருந்து நூல் வருகிறது. இலை தைக்கப்படுகிறது!

தினமும் மிஷினில் உட்கார்ந்து ஷூ தைக்கிற இருபது பெண்களுக்கு முன்னால் இதைக் காட்டினால் என்ன ஆகும்?

"ஏய், இங்க பார்றீ... நம்ம செக்‌ஷன்!" என்று கத்தினார் சுமதி. அந்தக் கூட்டத்தில் வாய் பெரிய பெண். "இதுங்களுக்கு ஒரு நாளைக்கு டார்கெட் எவ்ளோ?"

"சூப்பர்வைசர் எறும்பு எங்க நிக்குது?" என்றது இன்னொரு குரல்.

"சூப்பர்வைசரே கெடயாதுக்கா" என்றார் மல்லிகா.

"அதான் இவ்ளோ நீட்டா தச்சிருக்குது!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த மரத்தை விட்டு யாரும் நகரவில்லை. ஆப்பைக் கேட்டேன். 'மாமரம். வாழ்த்துகள். பத்துப் புள்ளிகள்' என்றது. எறும்பைப் பற்றி மூச்சு இல்லை.

சுற்றி முடித்து வெளியே வரும்போது போன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் வழிகாட்டிக்கு எத்தனை நட்சத்திரம்? நான் பதில் போடாமல் டீக்கடைக்கு நழுவிவிட்டேன். முன்பின் தெரியாத பெட்டிக்குள் அபிப்பிராயம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

டீ முடித்துத் திரும்பினால்... கேட்டருகே மல்லிகா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். டேப்லெட்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் பாய்.

"இன்னைக்கு உங்க குரூப்ல இருபத்தோரு பேர் ரேட்டிங் போட்ருக்காங்க. எல்லாமே ஒரு ஸ்டார்" என்றார் டேப்லெட்காரர். "மாசக் கடைசில ஆவரேஜ் மூணுக்குக் கீழ போனா அடுத்த மாசம் டூட்டி கெடயாது. ஆடியோ கைடு போட்ருவாங்க."

மல்லிகா திரும்பாமலே பேசினார். "போன மாசமும் கம்மிதான் சார். மொத தடவன்னு வார்னிங்கோட விட்டாங்க. இதுவும் போச்சுன்னா மறுபடியும் குடகுல காப்பித் தோட்டம்தான். பாப்பாவ அஞ்சாவதோட நிறுத்திட்டுக் கூட்டினு போவணும்." பிறகு, "நல்லாதானே சிரிச்சீங்க..." என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பேர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரே ஒரு ஸ்டாரா? இது பெட்டிக்குள் நடந்த வேலை! சம்பளம் கேட்கிற ஆளை அனுப்பிவிட்டு, சம்பளம் கேட்காத குரலை வைக்கப் பார்க்கிறார்கள்.

"தம்பி, இதுல நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சார், சத்தியமா நான் தொடவே இல்ல!"

"அவர ஏன் திட்டுற?" பாய் என் தோளைப் பிடித்தார். "நாங்கதான் போட்டோம். ஒண்ணு. இவளுங்க எத்தினி போடணும்னு கேட்டாளுங்க, நான்தான் எல்லாரையும் ஒண்ணு போடச் சொன்னேன்."

"ஏன் பாய்?"

"ஏன்னா? முப்பது வருசமா நான் தோல்ல ஒண்ணு போட்டா இன்னா அர்த்தம்? ஒரு கீறல் இல்ல, ஒரு உண்ணிக்கடி இல்ல, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். அஞ்சு போட்டா கழிசல். இந்தப் பொண்ணுக்கு அஞ்சு போட என் கை வருமா?"



"எனக்கு அப்பவே டவுட்டு பாய்" என்று சுமதி முனகினார். "சரி, தரம் பாக்குற ஆளு, இவருக்குத் தெரியாததான்னு நானும் அமுக்கிட்டேன்."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னாடீ உனக்கு? மத்த நேரம்லாம் வாய் காது வரைக்கும் போவுது!" என்றார் பாய்.

மாற்ற முடியுமா என்றால், முடியாதாம். ஒருமுறை போட்டால் போட்டதுதான். ஒருத்தர் பிழைப்பை எடுக்கத் தெரிந்த பெட்டிக்கு, தப்பைத் திருத்த மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் மல்லிகா திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா... போன மாசமும் ஆம்பூர் வண்டிங்கதான் ஜாஸ்தி. அவங்க போட்ட ஒண்ணும் இதேதானா?"

பாய் டேப்லெட்காரரைப் பார்த்தார். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். போன மாத ஒன்றுகள் முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவை. வேன் வேனாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு... எல்லாம் தோல் ஊர்கள்.

"எல்லாமே அப்படின்னு சொல்ல முடியாதுங்க" என்றார் டேப்லெட்காரர் மெதுவாக.

"பரவால்ல. பாதி இருந்தாக்கூடப் போதும்" என்றார் மல்லிகா. ஒரு மாதமாக அந்தப் பெண், ஊருக்கே தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, தினமும் சிரித்த முகத்தோடு எறும்பைக் காட்டியிருக்கிறார்!

நான் சந்தேகப்பட்ட அந்த டேப்லெட்காரர்தான் முதலில் பேப்பர் எடுத்தார். ஆபீசுக்குப் போன் போட்டார். எழுத்தில் கொடுங்கள் என்றார்களாம். பாய் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். 'நாங்கள் ஒன்று என்று போட்டதை முதல் தரம் என்று படிக்கவும்.' இருபத்தோரு கையெழுத்து. ஸ்டாரே போடாத நானும் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும் முன் அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். சிரித்தார். இந்த முறை அந்தச் சிரிப்பை நம்பினேன்.

ஆபீசை மட்டும் நம்பவில்லை. ஆனால் வியாழக்கிழமை மல்லிகாவே போன் செய்தார். அடுத்த மாசம் டூட்டி உண்டாம். ஸ்டாரையே எடுத்துவிட்டார்களாம். இனிமேல் ஐந்து முகங்கள். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரைக்கும். இதில் யாருக்கும் குழப்பம் வராது என்று ஆபீசில் சொன்னார்களாம்.

உடனே பாய்க்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கேட்டார்:

"அந்தக் கடைசி மூஞ்சி... ஆனந்தக் கண்ணீர்தானே தோஸ்த்?"