குள்ளர் கோட்டையும் மற்ற வாசலும்

மடிக்கணினியின் அடிப்பக்கம் தொடையைச் சுடும். அதற்குள் அடைந்திருந்த தூசு கருகும் மணமும், அம்மா என் தலையில் வைத்த நல்லெண்ணெயின் மணமும் கலந்து, யன்னலின் மரச்சட்டங்களை இழுத்து மூடியிருந்த அந்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், பஸ் திரும்பும் மூலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பன்னிரண்டு வயதில் நான் கழித்த ஒரு கோடைகாலம் எனக்கு இந்த மணமாகத்தான் நினைவில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் கடலுக்குப் போன கோடை அது.

அந்த யூன் மாதம் பள்ளிக்கூடம் விட்ட கையோடு நான் "பெரிசாகி"விட்டேன். எங்கள் ஆட்களின் வழக்கப்படி, தாய்மாமன் வந்து தலையில் பாலறுகு, பாலில் தோய்த்த அறுகம்புல், வைத்துத் தண்ணீர் வார்க்கும்வரை பெண்பிள்ளை வாசற்படி தாண்டக்கூடாது, வெளி ஆண்களின் கண்ணில் படக்கூடாது, தனித் தட்டில் சாப்பிடவேண்டும், "காத்துக் கறுப்பு" அண்டாமல் பக்கத்தில் ஓர் இரும்பு இருக்கவேண்டும். இரும்புக்கு அம்மா கத்தரிக்கோலைத் தலையணைக்கு அடியில் வைத்தார். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பின்னேரம் உழுத்தங்களி. மற்றக் குடும்பங்களில் இதெல்லாம் கிழமைக் கணக்கில் முடிந்துவிடும். மாமா வர முடியாவிட்டால் மாமன் முறையான யாரையாவது பிடித்துத் தண்ணீர் வார்த்துவிட்டு, மண்டபம் எடுத்துச் செய்யும் விழாவைப் பிறகு ஆறுதலாக வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அது சரிவரவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம் என் மாமாதான். அந்த மாமாவோ பாரிசில் வதிவிட அனுமதிக் கடதாசி இல்லாமல் இருந்தார், எல்லை தாண்ட முடியாது, கடதாசி "இந்தா வருது, அந்தா வருது" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா காத்திருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா தினமும் வேலைக்குப் போய் வந்தார், காத்திருந்தது நான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகும் கப்பல்களுக்குள் கார்களை வரிசையாக ஏற்றிவிடுவது. அம்மாவுக்கு ஒரு சிஞ்ஞோராவின், வசதியான ஓர் இத்தாலிய அம்மணியின், வீட்டில் சமையலும் துப்புரவும். இரண்டு பேரும் போகவேண்டிய நாட்களில் அம்மா கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவார். என் நன்மைக்குத்தான் என்று அவர் மனதார நம்பினார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட அம்மாவாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

முதலாம் மாடியில் ஜூசி இருந்தாள், என் வகுப்புத்தான், எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவளை மேலே வரவிடாமல் இருக்க, எனக்குக் கொப்புளிப்பான், தொற்றும் அம்மை நோய், என்று அவளுடைய தாயிடம் அம்மா சொல்லி வைத்திருந்தார். கோடை முழுவதும் மாறாத கொப்புளிப்பானை அந்தத் தாய் எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு விட்டுவைத்த ஒரே வெளிவேலை, பல்கனியில் மறைந்து நின்று கயிற்றில் கூடையை இறக்கிப் பாண் ரொட்டி வாங்குவது; அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு கூடை இருந்தது, கீழே கடைக்காரர் பாணை வைத்துவிட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். ஒருநாள் பாணுக்கு அடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு யூஎஸ்பி குச்சி ஏறி வந்தது. சிஞ்ஞோரா "பிள்ளை படிக்கட்டும்" என்று தந்த பழைய மடிக்கணினியில் அதைச் செருகினேன். ஜூசி இணையத்தில் எங்கேயோ கண்டுபிடித்த ஒரு விளையாட்டு உள்ளே இருந்தது.

அதை விளையாட்டு என்று முதலில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. படமே கிடையாது, கறுப்புத் திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும். அந்தக் குறிகளில் சில குள்ளர்கள், சில மரங்கள், சில பாறை, சில ஆடு. ஏழு குள்ளர்களை ஒரு மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, மலையைக் குடைந்து அவர்களுக்கு ஒரு கோட்டை கட்டவேண்டும்: படுக்க அறை, விதைக்க நிலவறைத் தோட்டம், குடிக்க மது, எதிரி வந்தால் தூக்கிவிட ஒரு பாலம். எல்லாவற்றுக்கும் விசைப்பலகையில் அழுத்த ஓர் எழுத்து, அந்த எழுத்துக்குள் இன்னோர் எழுத்து. என் முதற் கோட்டையார் பட்டினியால் செத்தார்கள், விதைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கோட்டையில் ஆற்றுக்குப் பக்கத்தில் குடைந்து எல்லோரையும் தண்ணீருக்குள் விட்டேன். இந்த விளையாட்டில் வெல்வது என்று ஒன்று இல்லை, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறாய் என்பதுதான் என்று ஜூசி எழுதி அனுப்பினாள். கட்டிலும் கத்தரிக்கோலுமாகக் கிடந்த எனக்கு அது உடனே விளங்கியது.

பிறகு மூன்று பேரும் ஒரே கோட்டையை ஆளத் தொடங்கினோம், ஜூசி, அவளுடைய அண்ணன் சால்வோ, நான். ஒருவர் விளையாட்டில் ஒரு வருடம் ஆளவேண்டும். முடிந்ததும் கோட்டையைக் குச்சியில் ஏற்றி, என்ன கட்டினோம், எதைக் குழப்பினோம் என்று நாலு வரி எழுதி, அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். திருப்பிப் பின்னால் போகக்கூடாது, முந்தியவர் விட்ட பிழையோடுதான் தொடங்கவேண்டும். சால்வோ ஆண்ட வருடத்தில் பூனைகள் பெருகிக் கோட்டைக்குள் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று, அதை ஒழுங்குபடுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஜூசி ஒரு சுரங்கக்காரிக்கு என் பெயரை வைத்தாள், தர்சினி. கதவடியில் நிற்கும் காவல்காரிக்கு என் அம்மாவின் பெயரை வைத்துவிட்டு, சிரிப்புக் குறிகளாகப் போட்டு அனுப்பியிருந்தாள். கூடை ஏறி இறங்கியது. அந்தக் குச்சி வராத நாட்களில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் குறிப்பின் கடைசி வரியில், தாங்கள் ஜெர்மனிக்குப் போகிறோம் என்று ஜூசி எழுதியிருந்தாள். தகப்பனுக்கு அங்கே வேலை. காரோடு ஜெனோவாக் கப்பலில் ஏறுகிறார்கள், திரும்பி வருவது இல்லை. கடைசி வருடம் என்னுடையது என்றும், எல்லோரையும் உயிரோடு வைத்துக் கோட்டையைத் தரும்படியும், துறைமுகத்துக்கு வந்து என் கையாலேயே தரும்படியும் கேட்டிருந்தாள். நான் அம்மாவிடம் கேட்டேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவர் மசியவில்லை.

"மாமா வந்து தண்ணி வாக்கட்டும் பிள்ளை. அதுக்குப் பிறகு எங்கை வேணுமெண்டாலும் போ. அதுக்கு முன்னம் படி தாண்டினால் சனம் என்ன கதைக்கும்?"

அந்தச் சனம் என்பது தமிழ்க் கடையடியில் பின்னேரங்களில் கூடி நிற்கும் பத்துப் பதினைந்து பேர்தான். அவர்களுடைய வாய்க்குப் பயந்து நான் என் சிநேகிதியை இழக்கவேண்டும்.

என் கடைசி வருடத்தில் குட்டிச்சாத்தான்களின் படை கோட்டையை வளைத்துக்கொண்டது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, பாலத்தைத் தூக்கி, அதற்குப் பின்னால் கல்லடுக்கிச் சுவரும் கட்டிவிட்டேன். சாப்பாடு இருந்தது, மது இருந்தது, ஒரு குள்ளனும் சாகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று பின்னேரம் அம்மா வேலையால் வந்து, என் பின்னால் இருந்து சீப்பால் என் தலை இழுத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். வழமையாக அவர் அதைப் பார்ப்பதில்லை.

"இதென்ன பிள்ளை, பங்கரே?"

இலங்கையில், போர் நடந்த வன்னியில் அம்மா குமரியாக இருந்த காலத்தில், குண்டு விழும்போது ஒளிந்திருக்க வீட்டுக்கு வீடு வெட்டிய பதுங்குகுழியைத்தான் பங்கர் என்றார். நானும் ஓம் என்றேன்; எதிரி வெளியில், ஆட்கள் உள்ளே என்று காட்டினேன்.

"மற்ற வாசல் எங்கை?"

"ஒண்டுதான். அதையும் அடைச்சாச்சு. இனி ஒருதரும் உள்ளை வரேலாது."

"அப்ப உள்ளை இருக்கிற சனம் எப்பிடி வெளியிலை வாறது?"

அம்மா சீப்பை நிறுத்தாமல், தன் அக்காவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார். ஷெல் அடி தொடங்கியபோது அக்கா தங்கள் வீட்டுக்கு ஓடிவர நேரமில்லாமல், அயல்வீட்டுப் பங்கருக்குள் இறங்கியிருக்கிறார்; அதற்கு ஒரு வாசல்தான், அவசரத்தில் வெட்டியது. ஷெல் அந்த வாசலில் விழுந்து மண் மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருடைய உடம்பிலும் ஒரு காயம்கூட இருக்கவில்லை. அம்மாவும் மாமாவும் மண்வெட்டியாலும் கையாலும் வெட்டித் திறந்தபோது நேரம் போய்விட்டிருந்தது.

"ஒரு வாசல் வைச்சது பங்கர் இல்லை பிள்ளை. குழி."

எனக்குக் கோபம் அடங்கியிருக்கவில்லை. அதைக் கேட்ட பிறகும் அடங்கவில்லை. திரும்பிப் பாராமலே கேட்டேன்.

"எங்கடை வீட்டுக்கு எத்தினை வாசல், அம்மா?"

அம்மா பின்னலை முடித்து, நுனியில் றப்பர் போட்டுவிட்டு, குசினிக்குள் போனார்.

நான் மலையின் பின்பக்கமாக இன்னொரு வழி குடையவைத்தேன். படை போன பிறகு முதலில் வெளியே வந்தவள் என் பெயர் வைத்த சுரங்கக்காரி, பின்னால் மற்றவர்கள். வந்தவர்கள் எல்லோரும் புல்லில் நின்று சத்தி எடுத்தார்கள். நெடுநாள் மலைக்குள் இருந்த குள்ளர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம், அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அதைக்கூட யோசித்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கோட்டையைக் குச்சியில் ஏற்றினேன்.

ஜூசி போகும் நாள் காலையில் அம்மா வேலைக்கு வெளிக்கிட்டபோது, அவருக்குப் "போட்டு வாங்கோ" சொல்ல மனமில்லாமல், நான் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தேன். வெளியே வந்தபோது அவர் போயிருந்தார். கீழே பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டது, சால்வோவைத் தகப்பன் ஏசுவது கேட்டது. பிறகு யாரோ படியேறி ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். கதவின் சின்னக் கண்ணாடித் துளைக்குள் ஜூசியின் முகம் பெரிதாகத் தெரிந்தது.

கதவைத் திறக்கச் சொன்னாள். பூட்டியிருக்கிறது என்றேன். உனக்கு உண்மையாகவே கொப்புளிப்பானா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு என்ன என்றாள். இத்தாலிய மொழியில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் மாமா வரவேண்டும் என்றேன். மாமா வந்துதான் கதவைத் திறக்கவேண்டுமா என்று கேட்டாள், ஓம் என்றேன். வெளிப்பக்கம் வெறும் குமிழ்தான், அவள் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நான் உள்ளே கதவில் முதுகை வைத்து இருந்துகொண்டு, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், பின்பக்கம் ஒரு வாசல் வைத்திருக்கிறேன், மறக்காமல் பார் என்று அழுதுகொண்டு சொன்னேன். அவளும் அழுதாள். கீழேயிருந்து தகப்பன் கூப்பிட்டார். நான் பல்கனிக்கு ஓடிக் கூடையை இறக்கினேன். அவள் குச்சியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். கூடையை வெறுமையாக இழுத்து எடுத்தேன்.

அம்மா அன்று பிந்தித்தான் வந்தார். என்னை நடு அறையில் கண்டதும் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றார்.

"போகேல்லையோ?"

"எங்கை?"

"கப்பலடிக்கு. ஜூசியாக்களின்ரை காரிலை போயிருப்பாய் எண்டு நினைச்சன். அப்பா துறைமுகக் கேற்றடியிலை உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டவர், திருப்பிக் கூட்டிக்கொண்டு வர."

"கதவு பூட்டிக் கிடந்ததெல்லோ."

"நான் பூட்டேல்லை பிள்ளை. சும்மா சாத்திப்போட்டுத்தான் போனனான்."

வெளியிலிருந்து திறக்கத்தான் சாவி வேண்டும்; உள்ளே கைப்பிடியைக் கீழே அழுத்தியிருந்தால் திறந்திருக்கும். அதற்குப் பக்கத்தில்தான் நான் முதுகை வைத்து இருந்தேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

"வாயாலை சொன்னால் நான் விட்டதாப் போயிடும் எண்டு பயந்திட்டன். நீயாத் திறப்பாய் எண்டு நினைச்சன்."

பள்ளிக்கூடம் தொடங்குமுன் மாமன் முறையான ஒருவர் வந்து தண்ணீர் வார்த்தார். மாமாவுக்குக் கடதாசி கிடைக்க அதற்குப் பிறகும் வருடங்கள் சென்றன. ஜூசி ஜெர்மனியிலிருந்து சில தடவை எழுதினாள். குச்சி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று ஒருமுறை எழுதியிருந்தாள், பிறகு அவளும் எழுதவில்லை. அந்த விளையாட்டு இப்போது வண்ணப் படங்களோடு வருகிறது, வாங்கி விளையாடிப் பார்த்தேன், எங்கள் கோட்டை அதில் இல்லை. தெருவில் கூடை இறக்கும் பல்கனிகளும் குறைந்துவிட்டன, பாண் பையோடு வாசலுக்கே வருகிறது. அம்மாவும் நானும் அந்த நாளைப் பற்றி மறுபடி கதைத்ததில்லை. இன்று என் வீட்டுச் சாவி என் கையில்தான் இருக்கிறது, என்னை யாரும் எங்கேயும் பூட்டி வைப்பதில்லை. ஆனாலும் எங்கும் போக எண்ணமில்லாத நாட்களிலும்கூட, காலையில் எழும்பியதும் கதவடிக்குப் போய் ஒருமுறை கைப்பிடியை அழுத்திப் பார்க்கிறேன்.