நாலாவது குழி

கெலிஓயாவைத் தாண்டியதும் சிவப்புக் கொடி காட்டி எங்கள் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். தெருவுக்குச் சல்லி எடுக்க, மேலே கருங்கல் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். மூன்று வெடிச் சத்தம் கேட்கிறது. ஆனாலும் கொடி இறங்கவில்லை.

தெருவோரம் சல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண் சுத்தியலைக் கீழே வைக்கிறாள்.

“நாலு குழி போட்டதுங்க. ஒண்ணு வெடிக்கல. திரி வச்சது எங்க வீட்டுக்காரரு.”

பின்னால் இரண்டு கார்கள் ஹார்ன் அடிக்கின்றன. வேலையை மேற்பார்க்கும் கங்காணி அவள் கணவனை மேலே போய்ப் பார்க்கச் சொல்கிறார். அவன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். அவள் எழுந்துபோய், மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள்.

“எந்திரி புள்ள” என்று அதட்டுகிறார் கங்காணி.

“அரை மணி போகட்டுங்க. அப்புறம் போவாரு.” என் பக்கம் திரும்புகிறாள். “ஐயா, கடியாரம் இருக்குதுங்களா? அரை மணி ஆனதும் சொல்லுங்க.”

பேராதனையில் நான் ரயில் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் போனதும் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டது என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“இன்னும் ஆகவில்லை” என்கிறேன்.

பதினேழாவது நிமிடத்தில் பாறை வெடிக்கிறது. கல்தூசி பஸ்ஸின் மேல் கொட்டுகிறது.

அவள் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, கணவனுக்கு வழி விடுகிறாள்.

“இப்பப் போங்க.”