கறுத்துப்போன இரண்டு ஃபிலிம்கள்

“அது முடிஞ்சுபோன விஷயம்மா. உலகமே சிரிச்சாச்சு. அந்தச் சிரிப்புல நம்ம டிபார்ட்மென்ட்டும் போய் மாட்டிக்கணுமா?” என்று கேட்டார் எங்கள் துறைத்தலைவர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். அவர் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பதில் சொன்னேன்.

“சிரிச்சவங்கள்ல எத்தனை பேர் சார் செஞ்சு பார்த்துட்டுச் சிரிச்சாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தக் காலத்தில் என்னை அப்படிப் பார்க்கிறவர்கள் நிறைய. பழகியிருந்தது.

பல்லேடியம் என்று ஓர் உலோகம் உண்டு. பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல அது ஹைட்ரஜனைக் குடிக்கும். அது எப்படிக் குடிக்கிறது, குடித்த பிறகு எப்படி உப்புகிறது, எப்படி விரிசல் விடுகிறது என்பதில்தான் என் முனைவர் பட்டம். நான் ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்த சமயம், வெளிநாட்டில் சிலர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கனநீரில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் செலுத்தினால், உலோகத்துக்குள் நுழையும் கன ஹைட்ரஜனின் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன என்றார்கள். சூரியனுக்குள் நடப்பது மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்ச காலம் ஊரெல்லாம் அதே பேச்சு. பிறகு பல ஆய்வுக்கூடங்களில் அது வரவில்லை. வந்தது என்று சொன்னவர்களாலும் கேட்டபோதெல்லாம் வரவழைத்துக் காட்ட முடியவில்லை. கேலி தொடங்கியது.

எனக்கு அந்தச் செய்தியில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் கையாண்ட உலோகம் அது. அதைக் கையால்கூடத் தொடாதவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எனக்கு ஆத்திரமாக இருந்தது. அதை நானே செய்து பார்க்க அனுமதி கேட்டுத்தான் அன்று அவர்முன் நின்றேன்.

“ஸ்டோர்லேர்ந்து ஒரு பீக்கர்கூட வெளிய வராது. கிளாஸ் நேரத்துல செய்யக் கூடாது. அப்புறம் உங்க இஷ்டம்” என்றார் துறைத்தலைவர்.

“சரி சார்” என்றேன். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

என் பழைய ஆய்வு நெறியாளரிடம் போய்க் கேட்டேன். மீந்திருந்த பல்லேடியத் தகட்டையும் ஒரு சிறு புட்டி கனநீரையும் கொடுத்தார். “ஜாக்கிரதை, இதோட உன் பேரும் போயிடும்” என்றார். “எனக்கு இன்னும் பேரே வரலையே சார்” என்றேன். சிரித்துவிட்டு, பிளாட்டினம் கம்பி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் அண்ணா வீட்டில்தான் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குழாய் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். புட்டியைப் பைக்குள்ளிருந்து எடுத்து அலமாரியில் வைத்தபோது மன்னி பார்த்துவிட்டாள்.

“என்னடி அது?”

“கனநீர் மன்னி. சாதாரணத் தண்ணியைவிடக் கொஞ்சம் கனம் ஜாஸ்தி.”

“ஏன், நான் மாடிக்குத் தூக்கிண்டு வர தண்ணி கனமா இல்லையோ? நம்மாத்துல இருக்கறது அத்தனையும் கனநீர்தான்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அலமாரிக் கதவைச் சாத்தி, “குழந்தைகள் எடுத்துக் குடிச்சுடப்போறதுகள். காலம்பர முதல் வேலையா காலேஜுக்குக் கொண்டுபோயிடு” என்றாள். என்னை எதற்காகவும் தடுத்ததில்லை அவள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் மட்டும் “டீச்சர்” என்று சொல்வாள், அதற்குமேல் விளக்கமாட்டாள்.

சூட்டை அளக்கிற வசதி என்னிடம் இல்லை. அதனால் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தேன். உலோகத்துக்குள் அணுக்கருக்கள் இணைந்தால் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் உண்டாகலாம் என்றார்கள். அதிலிருந்து வரும் மெல்லிய கதிர் எக்ஸ்ரே ஃபிலிமைக் கறுக்கச் செய்யும். ஆக, கனநீரில் மின்சாரம் பாய்ச்சிய தகட்டைத் துடைத்து, இருட்டில் ஒரு ஃபிலிம்மேல் வைத்து, கறுப்புத் தாளில் சுற்றி மூடி வைக்க வேண்டும். பிறகு கழுவிப் பார்க்க வேண்டும். தகடு தானே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்.

கல்லூரி முடிந்த பிறகு மாலையில், பிராக்டிகல் மேஜையின் ஒரு மூலையில் வேலை செய்தேன். பீக்கருக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன கண்ணாடி ஊறுகாய் ஜாடி. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கியதால் ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து எடுத்தேன். தகட்டைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கனநீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சிக் கன ஹைட்ரஜனை ஏற்றினேன். ஃபிலிம் சுற்றிய பொட்டலங்களை மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் வைத்து என் அலமாரியில் பூட்டினேன்.

ஃபிலிம் கொடுத்ததும் கழுவித் தந்ததும் லஸ் பக்கத்தில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவர். சைதாப்பேட்டைக்காரர். என் அண்ணா கை முறிந்து போனபோது பழக்கம். முதல் ஃபிலிமைக் கழுவி, சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

“இன்னா மேடம், எலும்பும் இல்ல, பல்லும் இல்ல. நடுவுல சதுரமா இன்னாமோ கீது. யாருக்கு இது?”

நான் எழுந்து பக்கத்தில் போனேன். வெளிர்நீல ஃபிலிமின் நடுவில், தகட்டின் வடிவத்திலேயே, ஓரமெல்லாம் கூர்மையாக ஒரு கறுப்புச் சதுரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள், “பெரிய வியாதியாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் துறைத்தலைவரிடம் காட்டினேன். கேலி செய்யட்டும் என்றுதான் கொண்டுபோனேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “உட்காருங்கம்மா” என்றார்.

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. ஸ்டோரிலிருந்து பீக்கர் வந்தது, பவர் சப்ளை வந்தது. முதல்வரின் அறைக்கு என்னை அழைத்துப்போய், “நம்ம டிபார்ட்மென்ட்டில் நடக்கிற ஆராய்ச்சி” என்றார். ‘நம்ம’ என்ற சொல்லைக் கவனித்தேன். அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கருத்தரங்கு வரப்போவதாகவும், அதில் நான் பேச ஏற்பாடு செய்துவிட்டதாகவும் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியே காலம் கழித்தவர். ஒரு தடவையாவது பெரிய இடத்தில் பேர் சொல்லக் கேட்க வேண்டும் என்ற பசி அவருக்கு இருந்தது. அது எனக்குப் புரிந்தது.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதே தகட்டில் வெட்டிய இன்னொரு புதுச் சதுரத்தைச் சாதாரணத் தண்ணீரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் அந்த அணுக்கரு இணைவு நடக்காது என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அதனால் அந்த ஃபிலிம் வெளுப்பாக வர வேண்டும். தகடே வைக்காத வெறும் ஃபிலிம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். சென்னைப் புழுக்கத்திலேயே ஃபிலிம் கெட்டுப்போகிறதா என்று தெரிய வேண்டுமல்லவா?

வெறும் ஃபிலிம் சுத்தமாக வந்தது. சாதாரணத் தண்ணீர்த் தகட்டின் ஃபிலிம் கறுத்திருந்தது.

“இதுவும் அதே மாரிதான் கீது மேடம்” என்றார் எக்ஸ்ரேக்காரர். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாச்சு மேடம், டீ சொல்லட்டா?” என்றார். டீ வந்தது. குடித்தேன். ஃபிலிம் கறுத்த காரணம் புரிந்துவிட்டது. உலோகத்திலிருந்து மெல்லக் கசிகிற ஹைட்ரஜன் வாயுவே ஃபிலிமிலுள்ள வெள்ளி உப்பைக் கறுக்க வைத்திருக்கிறது. அதற்கு அணுக்கரு வேண்டாம், வேதியியலே போதும். என் சொந்தப் பாடம்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இதை வேற யாருக்காவது சொன்னீங்களா?”

“இல்ல சார். கருத்தரங்குல சொல்லப்போறேன்.”

“எதுக்கும்மா? நீங்க பார்த்தது கனநீர். அதைச் சொல்லுங்க. சாதாரணத் தண்ணி பத்தி யாரும் கேக்கப்போறதில்ல.”

“நான் கேட்டுட்டேனே சார்.”

“யோசிச்சுப் பேசுங்க. பிரின்சிபால்கிட்ட நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அன்னிக்குச் செய்யாதேன்னீங்க, செஞ்சேன். இன்னிக்குச் சொல்லாதேங்கறீங்க. சொல்லுவேன்.”

அவர் முகம் சிவந்தது. என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

கருத்தரங்கு நாளன்று மன்னி தன் கூறைப் புடவைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். “தோத்துட்டேன்னு சொல்லப் போறச்சே அழுதுவடிஞ்சுண்டு போகாதே” என்றாள்.

“தோக்கலை மன்னி.”

“அதைத்தான் சொல்றேன். கட்டிண்டு போ.”

அரங்கில் முன்வரிசை முழுக்க இயற்பியல்காரர்கள். பெண்கள் என்று பார்த்தால் நானும், பதிவு மேஜையில் இருந்த ஒருத்தியும்தான். துறைத்தலைவர் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபிலிம்களை வெளிச்சத் திரைமேல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். கனநீர் கறுப்பு. சாதாரணத் தண்ணீர் கறுப்பு. வெறும் ஃபிலிம் வெளுப்பு. கறுப்பானது ஹைட்ரஜனால்தான், கதிரியக்கத்தால் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன். இதே முறையில் ஃபிலிம் கறுத்ததை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்பவர்கள் இந்தச் சோதனையையும் செய்து பார்க்க வேண்டும் என்றேன்.

பிறகு இன்னொரு ஃபிலிமையும் வைத்தேன். கனநீரில் ஏற்றிய ஒரே ஒரு சதுரம், வாயுவெல்லாம் வெளியேறியிருக்க வேண்டிய காலம் கடந்தும், மறுபடி ஃபிலிம்மேல் வைத்தபோது ஒரு மூலையில் மட்டும் கறுப்பு விட்டது. மற்றவை விடவில்லை. “இதுக்கு என்கிட்ட விளக்கம் இல்ல. ஃபிலிம் அங்க அழுந்தினதால இருக்கலாம். வேற எதனாலயும் இருக்கலாம். தெரியலை” என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அந்தத் துறையில் பெரிய கை. சிரித்துக்கொண்டே, “இதுல ஒண்ணும் இல்லைன்னு நாங்க அப்பவே சொன்னோமே. இதுக்கு இவ்வளவு சிரமம் எதுக்கு?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது.

“நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி சொன்னீங்க சார். நான் பார்த்துட்டுச் சொல்றேன். இரண்டும் ஒண்ணு இல்ல” என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கு அது போதும்.

துறைத்தலைவர் என்னிடம் பேசாமல் தன் ஸ்கூட்டரில் போய்விட்டார். நான் பஸ் பிடித்து வந்தேன். பட்டுப்புடவையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றவளைப் பார்த்து, கண்டக்டர், “உள்ள போம்மா, கல்யாணத்துக்கு லேட்டாய்டுச்சா?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் பவர் சப்ளை ஸ்டோருக்குத் திரும்பியது. என் மேஜை மூலையில் முதல் ஆண்டு மாணவிகளின் அமிலப் புட்டிகளை அடுக்கி வைத்தார்கள். எழுதி அனுப்பிய கட்டுரையை ஒரு பத்திரிகை, ஆர்வத்துக்குரிய பொருள் அல்ல என்று திருப்பியது. நடக்கிறது என்று சொன்னாலும் போடமாட்டார்கள், நான் பார்த்த வரையில் நடக்கவில்லை என்று சொன்னாலும் போடமாட்டார்கள் என்றால், நான் எங்கே போய்ச் சொல்வது?

எங்கள் மாடி வராந்தாவின் கடைசியில் கிழக்குப் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஒருநாள் காலை முதல் மணிக்கு முன்பே போய், ஃபிலிம்கள் அத்தனையையும் அதில் ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன தகடு, எந்தத் தண்ணீர், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். வெயில் பின்னாலிருந்து அடித்தபோது கறுப்புச் சதுரங்கள் பளிச்சென்று நின்றன. மாணவிகள் கூட்டம் கூடிவிட்டது. மதியம் பியூன் வந்து, “சார் எடுக்கச் சொன்னார் மேடம்” என்று தயங்கியபடி எல்லாவற்றையும் எடுத்து என் கையிலேயே கொடுத்தார். மறுநாள் காலை மறுபடி ஒட்டினேன். அதற்கடுத்த நாளும் எடுத்தார்கள், ஒட்டினேன்.

ஒரு காலையில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது துறைத்தலைவரே வந்து பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை. ஃபிலிமின் மேல்முனை கண்ணாடியில் நிற்காமல் சுருண்டு சுருண்டு விழுந்தது.

“செல்லோடேப் பழசு. ஆபீஸ்ல புதுசு இருக்கு” என்றார்.

“வேண்டாம் சார். இதுவே ஒட்டும்” என்றேன்.

அந்த மூலை கறுத்த ஃபிலிமை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்த வாரமே ஸ்டோருக்குப் பின்னால் காலிப் புட்டிகள் போடும் சிறு அறையை யாரையும் கேட்காமல் பெருக்கித் துடைத்து, ஊறுகாய் ஜாடியையும் பேட்டரியையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். கனநீர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.