இரண்டாம் முறை கேட்காத ஊர்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய வீட்டுக்காவது போய், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று அவர்கள் கேட்டால், "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். தொண்டை வறண்டு கிடந்தாலும் அப்படித்தான். கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும். அவர் எழும்பிக் குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்துவிட்டு, "கொஞ்சம் குடிச்சால் என்ன?" என்று இரண்டாம் முறை கேட்பார். அப்போதுதான் நாங்கள் "சரி, அரைக் கோப்பை" என்று இறங்கிவருவோம். ஊரைவிட்டு வந்து, இங்கே பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கூப்பிட்டுக் கேக் வேண்டுமா என்று கேட்டார். என் கணவர் வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணும் சரியென்று கேக்கை மூடி வைத்துவிட்டார். பசியோடு வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

என் கணவர் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு பகிடி வைத்திருப்பார். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பாரிசவாதம் வந்தது. வலது காலும் கையும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. ஆங்கிலம் முழுவதுமாகப் போய்விட்டது, தமிழில் சில சொற்கள் திரும்பி வரலாம் என்று வைத்தியர் சொன்னார். வெலிங்டனில் இருக்கும் மகள் போன் எடுத்தால் இவர் மூச்சு விடுவது மட்டும்தான் அவளுக்குக் கேட்கும். அவள் ஆங்கிலத்தில் பேசிப் பேசி, கடைசியில் அழுதுவிட்டு வைப்பாள்.

அவருக்குப் பேச்சு கொஞ்சமாவது திரும்பியது ஒரு சீட்டு மேசையில். மவுண்ட் ரொஸ்கிலில், ஒரு கடை வரிசையின் பின்புறத்தில், எங்கள் முதியோர் கூடும் அறை ஒன்று இருந்தது. சுவரில் ஈரம் பூத்த பழைய அறை. ஹீட்டருக்கு மனம் வந்தால்தான் சூடு வரும். ஆனால் படி கிடையாது, மலசலகூடம் பக்கத்திலேயே இருந்தது. புதன்கிழமைகளில் அங்கே முந்நூற்றி நாலு ஆடுவார்கள். அது யாழ்ப்பாணத்தாரின் சீட்டாட்டம். இவருடைய ஜோடி மதுரைக்காரர் ஒருவர். இவரிடமே பழகி, இவரையே மிஞ்சியவர். ஒரு நாள் இவர்கள் பக்கமே எல்லாப் பிடிகளையும் எடுத்தபோது, என் கணவர் இடக்கையால் மேசையில் அடித்து "கம்மாறிஸ்!" என்று கத்தினார். எல்லாப் பிடியையும் எடுத்தவர்கள் கத்துகிற சொல் அது. அந்தச் சொல் வாயிலிருந்து முழுசாக வந்ததைக் கேட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு புதனுக்குப் புதன் சொற்கள் வந்தன. "போடு." "துரும்பு." "கள்ளன்." எல்லாம் சீட்டு மேசைச் சொற்கள். வீட்டில் ஒன்றும் வராது. அங்கே போனால் வரும்.

அந்த நேரத்தில்தான் லைட் ரெயில் வரப்போகிறது என்றார்கள். ட்ராம் மாதிரி ஒரு ரயில், நகரத்திலிருந்து எங்கள் பக்கம் வழியாக விமான நிலையம் வரைக்கும். ஸ்டேஷன் ஒன்று எங்கள் கடை வரிசைக்கு முன்னாலேயே வருமாம். பழைய கட்டடம் போய்ப் புதியது எழும்பும், மேலே வீடுகள், கீழே கடைகள், அவற்றோடு சுற்றியுள்ள மக்களுக்கென்று சில அறைகள். யாருக்கு என்ன வேண்டுமென்று கேட்டுத்தான் திட்டம் போடுவோம் என்று சொல்லிப் பள்ளி மண்டபமொன்றில் கூட்டம் வைத்தார்கள். நாங்கள் சீட்டுக்காரர் எல்லோரும் ஒரு வான் வண்டியில் ஏறிப் போனோம். கேட்க வேண்டியதைப் போகும்போதே பேசி வைத்திருந்தோம். படியில்லாத ஓர் அறை, பக்கத்தில் மலசலகூடம், தேநீர் போட ஒரு குழாய். வேறொன்றுமில்லை.

மண்டபத்தின் நடுவில் பெரிய வரைபடத்தை விரித்து, சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் கட்டடங்களாக அடுக்கியிருந்தார்கள். திட்டத்தை நடத்திய அதிகாரி ஓர் இளம் பெண், நல்ல பிள்ளை. முன்வரிசையில், நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி இருந்த என் கணவரைப் பார்த்ததும் நேரே அவரிடம் வந்து, முழங்காலில் குந்தி, இந்த இடத்தில் உங்கள் குழுவுக்கு என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

நான் அப்போது மண்டபத்தின் பின்பக்கத்தில் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே கேட்டது.

"நோ, நோ. ஓல் குட். தாங்க்யூ."

பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். மதுரைக்காரர் அவர் முதுகில் தட்டி, "பேசிட்டாருங்க, பேசிட்டாரு!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பிறகு எல்லோரும் புன்னகையோடு அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டாம் முறை கேட்பாள் என்று. அவளும் சிரித்தாள், எதையோ குறித்துக்கொண்டாள், நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே சைக்கிள்காரர்கள் இருந்தார்கள். அவர்களை ஒரு தரம்கூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் நிறுத்த ஓர் இடம், திருத்த ஓர் இடம், குளிக்க ஓர் இடம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

கையில் கோப்பையோடு நான் அவள் பின்னால் ஓடினேன். எங்களுக்கு ஓர் அறை வேண்டும், அவர் அப்படிச் சொன்னது மரியாதைக்கு என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். எழுதியும் கொண்டாள். ஆனால் பிறகு வந்த வரைபடத்தில் சைக்கிள் கடை இருந்தது, பிள்ளைகள் காப்பகம் இருந்தது, எங்கள் அறை இல்லை. போன் எடுத்தேன். தமிழ் முதியோர் குழு தங்களுக்குத் தேவை ஒன்றுமில்லை என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது, உங்களுடையதைத் தனி ஒருவரின் கருத்தாகச் சேர்த்திருக்கிறோம், கருத்துக் கேட்கும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். வேண்டாம் என்றால் வேண்டும் என்றுதான் எங்களுக்குள் பொருள் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு டெலிபோனில் விளங்கப்படுத்திப் பாருங்கள். எனக்கே கேட்கப் பைத்தியம்போல இருந்தது. எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

ஸ்டேஷன் வரப்போகிறது என்றதும் கட்டடச் சொந்தக்காரர் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். வாங்கினவர்கள் வந்து இடித்தார்கள். அதற்குப் பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, லைட் ரெயில் இல்லை என்று அறிவித்தார்கள். ரயிலே இல்லையென்றால் மேலே வீடுகள் எதற்கு என்று வாங்கினவர்களும் கையை விரித்தார்கள். அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே இடுப்பளவு புல். கேட்டுக் கேட்டு வாங்கிய சைக்கிள்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்தேன், இருக்கவில்லை.

சீட்டாட்டம் கொஞ்சக் காலம் வீடு வீடாக அலைந்தது. ஏவன்டேலில் ஒரு வீடு, வாசலில் ஏழெட்டுப் படி. ரானுயியில் ஒரு வீடு, போகவே பாதி நாள் போய்விடும். மதுரைக்காரர்தான் முடிந்தவரை காரில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அவரும் ஹாமில்டனில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். புறப்படும் நாளன்று வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நாங்களாவது வாயைத் திறந்து கேட்டிருக்கணும்ங்க," என்றார் என்னிடம். "அந்தப் பொண்ணு இன்னொரு தடவை கேக்கும்னு நெனச்சோம்."

"ஓம், நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்," என்றேன்.

சொற்கள் வந்த வழியாலேயே ஒவ்வொன்றாகப் போயின. முதலில் "கள்ளன்" போனது. "துரும்பு" போனது. நான் சீட்டுக்கட்டை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நான் நன்றாக ஆடத் தெரியாதவள், மற்ற இரண்டு நாற்காலிகளும் வெறுமை. அவர் சீட்டுகளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். தமிழெல்லாம் போய், விநோதமாகக் கூட்டத்தில் வந்த அந்த ஆங்கிலம் மட்டும் தங்கிவிட்டது. வைத்தியர் எப்படி என்று கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். மகள் போனில் அழுதாலும் அதைத்தான் சொல்கிறார்.

நேற்றுப் பின்னேரம் மழை. அவர் ஜன்னலோரம் இருந்தார். கேத்திலை வைத்துவிட்டு வந்து கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"ஓல் குட்."

"கொஞ்சம் குடிச்சால் என்ன?"

"ஓல் குட்."

பக்கத்தில் போய்க் குந்தி, அவர் முகத்தைப் பார்த்து மூன்றாம் முறையும் கேட்டேன். அவர் மெல்ல, இல்லையென்று தலையை ஆட்டினார். முன்பெல்லாம் வேண்டாம் என்று சொல்லும்போதே அவர் கண் குசினிப் பக்கம் போகும். நேற்றுப் போகவில்லை. நான் எழும்பிப் போய் எனக்கு ஒரு கோப்பை மட்டும் ஊற்றினேன்.