தக்காளியை நசுக்கிய ரோபோ கை

போன வாரம் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு ரோபோ கை என் மானத்தை வாங்கியது.

கை என் மனைவியுடையது. அதாவது, அவர் செய்தது. தருமபுரி பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் பேராசிரியை. மூளை வேலை செய்கிற விதத்தைப் பார்த்து, மூன்று வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் சிப் செய்துவருகிறார்; அந்தக் கையை இயக்குவது அதுதான். சாதாரண சிப் எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை... தொடுகிற பொருளில் ஏதாவது மாறினால்தான் விழிக்கும். நழுவினால் பிடியை இறுக்கும், அமுங்கினால் தளர்த்தும். மற்ற நேரம் சும்மா இருக்கும். கிட்டத்தட்ட நான்தான்!

தொட்டுப் பழக அதற்குத் தினமும் தக்காளி வேண்டும். கொண்டுவந்து தருகிற பொறுப்பு என்னுடையது. ஒரு மாதம், ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். லேபில் ஒன்றைக்கூட அது நசுக்கியதில்லை.

நிஜ இடத்தில் சோதித்துப் பார்க்க மண்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே? முதல் தக்காளி — பொளக். இரண்டாவதும். மூன்றாவது என் சட்டையில். தரம் பிரிக்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மனைவி முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“திங்கக்கெழம கமிட்டி வருதுங்க. இப்பிடி நசுக்குனா ப்ராஜெக்ட்டையே மூடிருவாங்க” என்றார்.

பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தக்காளி இருந்தது. அதைக் கொடுத்தோம். பூப்போல எடுத்து வைத்தது. அதே கை, அதே சிப். பிறகு என்னதான் கோளாறு?

தரம் பிரிக்கிற செல்வி எங்கள் தக்காளியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

“இது ஏங்க இப்பிடி சில்லுனு, கல்லாட்டம் இருக்குது? பிரிட்ஜுல வெச்சதுங்களா?”

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

ஆமாம். தினமும் கடைக்குப் போகச் சோம்பல். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி, பிரிட்ஜில் அடுக்கி, தினம் பத்தாக எடுத்துக் கொடுத்தேன். பாவம் அந்த சிப், தக்காளி என்றாலே கெட்டியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டது.

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

“சிப்பு மேல தப்பில்லீங்க. சொல்லிக் குடுத்தத ஒழுங்காத்தான் கத்துக்கிட்டிருக்குது.”

அங்கேயே நான்கு பெட்டி பழுத்த தக்காளி வாங்கினோம். வெள்ளி, சனி, ஞாயிறு — மூன்று நாளும் அதற்குப் பாடம். திங்கட்கிழமை, கனிந்த தக்காளி ஒன்றை எடுத்துக் கமிட்டித் தலைவரின் உள்ளங்கையில் வைத்தது அந்தக் கை. ஒரு கீறல் இல்லை. நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன். கமிட்டி முன்னால் யாரும் கைதட்டுவதில்லையாம்... தெரிந்திருந்தாலும் தட்டியிருப்பேன்.

ப்ராஜெக்ட் தொடர்கிறது.

“மூணே நாள்ல பழக்கத்த மாத்திக்கிச்சு பாருங்க” என்றார் மனைவி, பெருமை பொங்க.

சொல்லும்போது அவர் பார்த்தது சிப்பை இல்லை... என்னை.